உஷார்! பழைய டீசல் வண்டிக்கு செல்ஃப் ஒயர் மாட்டப் போகிறீர்களா?

சாவி சட்டைப் பையில் இருக்கிறது, இனி எஞ்சின் எப்படி ஓடும் என்ற தைரியத்தில் செல்ஃப் மோட்டார் பக்கம் கையை நீட்டுபவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள். பழைய டீசல் வண்டியில் சாவிக்கு நீங்கள் நினைக்கிற அதிகாரம் கிடையாது. ஸ்பேனர் வழுக்கி இரண்டு நட்டுகளை ஒருசேரத் தொட்டால் போதும். எஞ்சின் சுற்றும், பிடித்தும் கொள்ளும். கியரில் கிடந்தால் வண்டியும் நகரும். அப்போது பெரிய டயருக்கு முன்னால் குனிந்து நிற்பது நீங்கள்தான்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் இதை உரக்கச் சொல்லக் காரணம் இருக்கிறது. சித்திரை பிறந்தால் சொர்ணவாரி நெல்லுக்குச் சேறடிக்க வேண்டும். வருடக்கணக்கில் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த மாஸி பெர்குசன் 1035 எல்லாம் அப்போதுதான் வெளியே இழுக்கப்படும். படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்கள், கல்குவாரிக்கு ஓடித் தேய்ந்த டிப்பர்கள், பெஜோ எஞ்சின் போட்ட மஹிந்திரா ஜீப்புகள் என்று இங்கே பழைய டீசலுக்குப் பஞ்சமில்லை. எஞ்சினை இறக்கி, போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, பெயின்ட் அடித்து ஏற்றுவது வரை எல்லாரும் கவனமாகவே செய்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவது நாலு ஒயர். "இதானே, நாமே மாட்டிடலாம்" என்று தோன்றும் அந்த நாலு ஒயரில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது.

சாவியை அணைத்தாலும் ஓடும்

பெட்ரோல் வண்டியில் சாவியை அணைத்தால் பிளக்கில் பொறி நின்றுவிடும். டீசலில் பொறி என்பதே இல்லை. காற்றை இறுக்கி அமுக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. அந்த டீசலை நோசிலுக்குத் தள்ளும் மைக்கோ பம்பும் எஞ்சின் சுற்றுவதால் வேலை செய்வதுதான். அதற்குக் கரண்ட் வேண்டாம். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிராக்டரில் பேட்டரியையே கழற்றி எடுத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நிறுத்துவதற்கு என்று இருப்பது டேஷ்போர்டில் இழுக்கும் ஸ்டாப் கேபிள் ஒன்றுதான். அது பம்பில் உள்ள கம்பியை இழுத்து டீசலை அடைக்கிறது. சாவி செய்யும் பெரிய வேலை செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு என்னும் சுவிட்சுக்குக் கொஞ்சம் கரண்டை அனுப்புவது. அந்தக் கரண்ட் வேறு எந்த வழியாக சொலினாய்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் எஞ்சின் சுற்றத்தான் செய்யும். சாவி அணைந்திருக்கிறதா, யார் பையில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஆகவே முதல் விதி: ஓட வைக்கும் ஒயரைத் தொடும் முன் நிறுத்தும் கேபிளை மாட்டுங்கள். பல ஷெட்டுகளில் இது தலைகீழாக நடக்கிறது. "முதல்ல ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போம், கேபிள் அப்புறம்" என்பார்கள். புதிதாக வேலை பார்த்த எஞ்சினில் பம்பின் கம்பி முழு டீசலில் சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் அலறிக்கொண்டு ஏறும். அந்த நேரத்தில் கேபிளைத் தேடி ஓட முடியாது.

மூன்று முனை, மூன்று குணம்

செல்ஃப் மோட்டாரின் முதுகில் சின்ன உருளை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் சொலினாய்டு. துணியால் எண்ணெயையும் சேற்றையும் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கம் தடிமனாக இரண்டு செம்பு போல்ட், பக்கத்தில் மெல்லிய முனை ஒன்று தெரியும்.

தடித்த போல்ட்டுகளில் ஒன்றிலிருந்து குட்டையான பட்டையோ ஒயரோ நேராக மோட்டாரின் உடம்புக்குள் போகும். அது மோட்டாருக்கு உரியது, அங்கே வெளியிலிருந்து எதையும் மாட்டக் கூடாது. இன்னொரு தடித்த போல்ட்தான் பேட்டரியின் பெரிய கேபிளுக்கு உரியது. அதில் எப்போதும் கரண்ட் நிற்கும். நடுவில் பியூஸ் எதுவும் இல்லை. சாவி அணைந்திருந்தாலும் அது உயிரோடு இருக்கும் போல்ட். மெல்லிய முனைக்கு வருவது சாவியிலிருந்து வரும் ஒயர்.

பெயின்ட் அடித்த பிறகு இரண்டு தடித்த போல்ட்டும் ஒரே மாதிரி தெரியும். கேபிளை மாற்றி மோட்டார் போல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும்? பேட்டரியில் கிளாம்ப் வைத்த நொடியே மோட்டார் அலறும். செல்ஃபின் பல் எஞ்சினின் ரிங் கியரில் கடிக்காது, அதனால் பாரமில்லாமல் வெறி பிடித்த வேகத்தில் சுற்றி ஆர்மேச்சர் ஒயர்கள் பிய்ந்துகொள்ளும். சாவியைத் திருப்பினாலும் அணைத்தாலும் அது நிற்காது. இன்னும் பழைய பெண்டிக்ஸ் வகை செல்ஃபில் விஷயம் இதைவிட மோசம். அதில் சொலினாய்டு சுவிட்ச் தனியாக பாடியில் இருக்கும். மோட்டார் சுற்றினாலே பல் தானாகப் போய்க் கடித்துவிடும். அங்கே சுவிட்சின் தப்பான பக்கம் கேபிளை மாட்டினால், பேட்டரி இணைத்ததுமே எஞ்சின் சுற்றும். கியரில் இருந்தால் வண்டியும் கிளம்பும்.

நட்டை இறுக்குவதிலும் உஷார். ஒரு ஸ்பேனரால் உள் நட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் வெளி நட்டை இறுக்குங்கள். போல்ட் திரும்பினால் உள்ளே இருக்கும் இணைப்பு அறுந்துபோகும். வெளியே பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். இறுக்கி முடித்ததும் போல்ட்டின் மேல் ரப்பர் தொப்பி கட்டாயம். சேறடிக்கும்போது கேஜ் வீல் வாரி இறைக்கும் சேறு முதலில் போய் அப்புவது அங்கேதான்.

ஸ்க்ரூ டிரைவர் வைத்தியம் வேண்டவே வேண்டாம்

எந்த ஷெட்டிலும் காதில் விழும் பேச்சு இது.

"டக்கு டக்குன்னு சத்தம் மட்டும் வருது தம்பி, செல்ஃப் எடுக்கவே மாட்டேங்குது."

"கொஞ்சம் இருங்கண்ணா, டைரக்ட்டா குடுத்துப் பார்த்துடலாம்."

டைரக்ட்டாகக் கொடுப்பது என்றால் பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பேட்டரி கேபிள் போல்ட்டையும் மெல்லிய முனையையும் சேர்த்துத் தொடுவது. பொறி பறக்கும், எஞ்சின் சுற்றும். ஆள் நிற்பது எங்கே? டிராக்டரில் செல்ஃப் இருப்பது எஞ்சினின் பின்பகுதியில், பக்கவாட்டில். அதை எட்டுவதற்கு முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவில், தரையில் நின்றாக வேண்டும். கியர் விழுந்திருந்தால் எஞ்சின் பிடிப்பதற்கு முன்பே, செல்ஃபின் பலத்திலேயே வண்டி முன்னால் நகரத் தொடங்கும். எஞ்சின் பிடித்த பிறகு ஆள் விலக அவகாசம் இல்லை. சின்ன கியரில் கிடக்கும் டிராக்டர் எதிரே எது வந்தாலும் ஏறிக் கடக்கும். ஆள் மாட்டினால் திணறி நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம்.

சில மாடல்களில் கியர் கம்பியிலோ கிளட்ச் மிதியிலோ சேஃப்டி சுவிட்ச் வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான். கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால், அல்லது கிளட்சை மிதிக்காவிட்டால், சாவியைத் திருப்பினாலும் சொலினாய்டுக்குக் கரண்ட் போகாது. ஸ்க்ரூ டிரைவர் அந்தக் காவலை அப்படியே தாண்டிவிடுகிறது. தரையில் நின்று ஸ்டார்ட் செய்யாதே, சீட்டில் உட்கார்ந்துதான் ஸ்டார்ட் செய் என்று டிராக்டர் கையேடுகளில் அபாயக் குறியோடு அச்சடிப்பது சும்மா இல்லை.

இன்னொரு கொடுமை, ஒயர் மாட்டும்போது அந்த சுவிட்சையே தூக்கிக் கடாசுவது. "இது அடிக்கடி தொல்லை பண்ணுது" என்று அதன் இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். அன்றைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகும், மெக்கானிக் பேர் வாங்குவார். விலை கொடுப்பது என்றைக்கோ ஒரு நாள் சீட்டில் ஏறி விளையாடிச் சாவியைத் திருப்பும் வீட்டுப் பிள்ளை. பழைய ஜீப்பிலும் லாரியிலும் இந்த சுவிட்சே இல்லாதவை நிறைய. அங்கே உங்கள் கையும் கண்ணும்தான் சுவிட்ச்.

1912-ல் காடிலாக் காரில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்ததே ஆளைக் காப்பாற்றத்தான். அதற்கு முன் முன்பக்கம் கம்பி போட்டுச் சுற்றுவார்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியும், தாடை பெயரும். அந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட சார்லஸ் கெட்டரிங் கொடுத்த வழி, டிரைவரை வண்டிக்கு முன்னாலிருந்து சீட்டுக்குக் கொண்டுவந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறவர் அந்த ஓட்டுநரைத் திரும்பவும் டயருக்கு முன்னால் இறக்கிவிடுகிறார்.

எர்த் மறந்தால் ஆக்சிலேட்டர் கேபிள் எரியும்

டக்கு டக்கு சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் செல்ஃப் கிடையாது. பேட்டரி டவுன், இல்லாவிட்டால் எர்த். எஞ்சின் வேலை முடிந்து ஏற்றும்போது சேஸிஸையும் எஞ்சினையும் இணைக்கும் பின்னல் பட்டையை மாட்ட மறப்பது சர்வசாதாரணம். மாட்டினாலும் புது பெயின்ட்டின் மேலேயே வைத்து இறுக்கிவிடுவார்கள். பெயின்ட் கரண்டை விடாது. எஞ்சின் ரப்பர் பவுண்டேஷனும் விடாது.

ஆனால் 250, 400 ஆம்பியர் கேட்கும் மோட்டார் சும்மா இருக்குமா? மதகை அடைத்தால் ஏரித் தண்ணீர் கரையில் பலவீனமான இடத்தைத் தேடுவது போல, கரண்ட் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், டீசல் குழாய் என்று எஞ்சினையும் பாடியையும் தொடும் எந்த உலோகத்திலும் பாயும். சில நொடி செல்ஃப் அடித்ததும் கேபிள் உறையிலிருந்து புகை வரும். உள்ளே இருக்கும் கம்பி சிவந்து உருகி இறுகிக்கொள்ளும். முழு ஆக்சிலேட்டரில் இறுகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் டீசல் கசிந்த குழாயும் இருந்துவிட்டால் தீ.

பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு பளபளக்கும் இடத்தில் எர்த்தை வையுங்கள். முடிந்தால் பேட்டரி மைனஸ் கேபிளை நேராக எஞ்சின் பிளாக்கிலேயே, செல்ஃபுக்குப் பக்கத்தில் உள்ள போல்ட்டில் கொடுத்துவிடுங்கள். சேஸிஸுக்குத் தனியாக ஒரு பட்டை போடுங்கள்.

கேபிளில் கஞ்சத்தனம் கூடாது

வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய 4 ஸ்கொயர் ஒயரை இரண்டாக மடித்து முறுக்கி மாட்டும் வேலையும் நடக்கிறது. கணக்கைப் பாருங்கள். 50 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிளில் 400 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டருக்கு இழக்கும் வோல்டேஜ் சுமார் 0.14. அதையே 16 ஸ்கொயரில் ஓட்டினால் 0.43. ஒற்றை 4 ஸ்கொயர் ஒயரில் 1.7 வோல்ட், மீட்டருக்கு 600 வாட்டுக்கு மேல் சூடு. உறை உருகிவிடும். நடுவில் பியூஸ் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

டிராக்டருக்கும் ஜீப்புக்கும் 35 முதல் 50 ஸ்கொயர் செம்பு கேபிள் போடுங்கள். மலிவாகக் கிடைக்கும் அலுமினிய வெல்டிங் கேபிளை வாங்காதீர்கள். அது அதே தடிமனில் செம்பு அளவு கடத்தாது, முனையில் உள்ள லக்கில் ஆக்சைடு படிந்து தளரும். லக்கை சுத்தியால் தட்டாமல் கிரிம்ப் செய்து வாங்குங்கள். கேபிள் சேஸிஸ் விளிம்பில் உரசும் இடத்தில் ரப்பர் குழாய் போட்டு, எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். மெல்லிய முனைக்குப் போகும் ஒயரும் மெல்லியதாக இருக்கக் கூடாது. சொலினாய்டு இழுக்கும் முதல் நொடியில் அதில் 30 ஆம்பியருக்கு மேல் போகலாம்.

பிளஸ், மைனஸ், 24 வோல்ட்

இந்தியாவில் ஓடிய மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் எர்த். அப்படிப்பட்ட வண்டிக்கு டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தால் மைனஸ் எர்த்துக்கு மாற்றியாக வேண்டும். இதில் ஏமாற வைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. காயில் கட்டிய பழைய செல்ஃப் மோட்டார், பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் சரியான திசையிலேயே சுற்றும். "செல்ஃப் நல்லா எடுக்குது, அப்போ சரிதான்" என்று நம்பிவிடுவீர்கள். அதற்குள் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கருகியிருக்கும்.

குவாரி டிப்பர் பக்கத்தில் நின்றால் அதிலிருந்து ஜீப்புக்கு ஜம்ப் கொடுக்கும் ஆசையும் வரும். டிப்பர் 24 வோல்ட், ஜீப் 12. தொடாதீர்கள்.

மாட்டும் வரிசை

1. கழற்றும்போதே செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். எலி கடித்த ஹார்னஸை மாற்றும்போது நிறத்தை நம்ப முடியாது.

2. மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் கழற்றுங்கள். 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது. ஆனால் மோதிரம் பிளஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டினால் விரலோடு சேர்த்துச் சிவந்துவிடும்.

3. டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக். டிரைலர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

4. ஸ்டாப் கேபிளை மாட்டி, இழுத்தால் பம்ப் கம்பி முழுதாக நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

5. எர்த் பட்டைகள், பிறகு செல்ஃப் ஒயர்கள். பேட்டரி இன்னும் வண்டியில் இணையக் கூடாது.

6. மைனஸ் எர்த் வண்டியில் பேட்டரிக்கு முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். கழற்றும்போது முதலில் மைனஸ். அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. சார்ஜ் ஏறிய பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். ஒரு பொறி போதும், ஆசிட் முகத்தில் தெறிக்கும்.

7. மைனஸை நேராக மாட்டாதீர்கள். இன்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை மைனஸ் கிளாம்பிலும் பிடியுங்கள். சாவி அணைந்திருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தால் கேபிள் எங்கோ தப்பான போல்ட்டில் இருக்கிறது, அல்லது பாடியில் ஷார்ட். எரியாவிட்டால் சரி.

8. பல்பை அப்படியே வைத்துக்கொண்டு, நியூட்ரலில் கிளட்சை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரியும், செல்ஃப் சுற்றாது; பல்பு விடும் கரண்ட் அதற்குப் போதாது. இப்போது கியரைப் போட்டு, கிளட்சை மிதிக்காமல் திரும்பத் திருப்பச் சொல்லுங்கள். சேஃப்டி சுவிட்ச் உள்ள வண்டியில் பல்பு அப்படிப் பளிச்சிடக் கூடாது. பளிச்சிட்டால் யாரோ அந்த சுவிட்சை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். ஹீட்டர் பிளக் உள்ள ஜீப்பில் அந்த ஒயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் பல்பு.

9. எல்லாம் சரியானால் நியூட்ரலுக்குத் திருப்பி, பல்பை எடுத்துவிட்டு மைனஸை இறுக்குங்கள். பேட்டரி பக்கத்திலேயே கை எட்டும் இடத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

ஆள் சீட்டில். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி சில நொடி செல்ஃப் அடியுங்கள். ஆயில் மேலே ஏறும், எஞ்சின் பிடிக்காது. அப்போதே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரி பிளஸுக்கும் செல்ஃப் போல்ட்டுக்கும் நடுவே 0.5-க்கு மேல் என்றால் கேபிளோ லக்கோ சரியில்லை. சுற்றும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைப் பாருங்கள்.

ஏர் எடுக்க செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். அதற்கு பம்பில் கை பிரைமர் இருக்கிறது. 10 நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். பிடித்ததும் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறினால் ஸ்டாப் கேபிளை இழுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஏர் கிளீனர் வாயைத் தடித்த பலகையால் அடைப்பதற்குப் பலகையும் ஆளும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கையால் அடைக்காதீர்கள்.

சாவியை விட்ட பிறகும் செல்ஃப் கத்திக்கொண்டே இருந்தால் சொலினாய்டுக்குள் செம்புத் தகடு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். செல்ஃபைத் தட்டப் போகாதீர்கள். கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்புங்கள். வண்டி நகர ஆரம்பித்தால் சீட்டில் இருப்பவர் கிளட்ச், பிரேக், ஸ்டாப் கேபிள். தரையில் இருப்பவர் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்காமல் பக்கவாட்டில் ஓடிவிட வேண்டும்.

ஒயர் வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுகிறீர்களா, நல்லது. கூலி கொடுக்கும் முன் பல்பைப் பிடித்து, கியரில் செல்ஃபுக்குக் கரண்ட் போகவில்லை என்று கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். சுவிட்ச் இல்லாத வண்டி என்றால் ஒன்று புதிதாக வைத்துத் தரச் சொல்லுங்கள். காட்டும் வரை வண்டியை ஷெட்டை விட்டு எடுக்காதீர்கள்.